கார்டு வந்ததும்

கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு வரப்போகிறதாமே! போன வாரம் உங்களையெல்லாம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மயிலாப்பூரில் நம் ஒலிநூல் மையத்துக்கு வந்தேன். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நிற்கிறேன், ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாத் தலைகளும் ஒரே போன் மேல் கவிழ்ந்திருந்தன. ‘மெமரி டபுளாம்’ என்றது ஒரு குரல். ‘தீபாவளிக்குள்ள கண்டிப்பா வந்துரும்’ என்றது இன்னொரு குரல். எனக்குச் சிரிப்பு வந்தது. அதே நாற்காலிகளில் உட்கார்ந்து அதே வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு ஓய்வு பெறும் வயது வந்தது.

பிறகு காபி வாங்கிக் கொடுத்து, ‘மேடம், புதுசா சேர்ந்தவங்களுக்கு உங்க அனுபவத்தைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்களேன்’ என்று கேட்டீர்கள். எழுதுகிறேன். எந்த ஒயரை எங்கே செருகுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் காத்திருப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் என்னை மிஞ்ச உங்களில் ஆளில்லை.

நம் மையத்தின் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். பார்வையில்லாதவர்களுக்குப் புத்தகங்களைக் காதால் கேட்கும்படி ஆக்கித் தருவது. நான் சேர்ந்தபோது அது கேசட் காலம். தன்னார்வலர்கள் வந்து கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து வாசிப்பார்கள். தெருவில் உற்சவம் புறப்பட்டால் வாசிப்பு நின்றுவிடும். மேளம் போய்ச் சேரும் வரை வாசிப்பவரும் நானும் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்ப்போம். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, அதன் பின்னாலேயே கார்டு ஆசையும் வந்தது.

முதல் கார்டு வாங்கியது மங்கலாக மட்டும் பார்வை உள்ளவர்களுக்காக. எழுத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கிக் காட்ட வேண்டும், அதற்கு மெமரி கொஞ்சம் கூடுதலாக உள்ள கார்டு வேண்டும். சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் ஒரு பாய் கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். கடை என்றால் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டியதுதான். எதைக் கேட்டாலும், ‘கப்பல்ல கீது மேடம், வந்துக்கினே கீது’ என்பார். அந்தக் கப்பல் எந்தக் கடலில் மிதந்ததோ தெரியாது, வாரக்கணக்கில் வராது. வந்த அன்று பயங்கர மழை. வெள்ளிக் காகித உறையில் சுற்றிக் கொடுத்த கார்டைப் புடவைத் தலைப்புக்குள் பொத்திக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ‘இன்னா மேடம், உள்ள கோழிக்குஞ்சா?’ என்று கேட்டார். ‘ஆமாம்ப்பா, மெதுவா ஓட்டு’ என்றேன்.

இன்றைக்கு உங்கள் கைக்கடிகாரத்தில் இருக்கும் மெமரிகூட அதில் கிடையாது. ஆனால் அன்று சாயங்காலம், ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் திரையில் மூக்கு படும்படி உட்கார்ந்து, ஒரு முழுப் பக்கத்தை யார் உதவியும் இல்லாமல் படித்து முடித்தார். முடித்ததும் மறுபடி மேலேயிருந்து ஆரம்பித்தார். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அதனால் இந்த ஆசையைக் கேலி செய்யும் யோக்கியதை எனக்கில்லை. சொல்லப்போனால், அசோக் நகர் வீட்டில் இப்போது எனக்கு எல்லாமே இருக்கிறது, ‘எப்போது வரும், எப்போது வரும்’ என்று காத்திருக்கத்தான் ஒன்றும் இல்லை. அந்தக் காத்திருப்புக்காகவே பழைய நாட்கள் திரும்பி வராதா என்று இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் நடந்தது. உங்களுக்கு முன் அந்த ஜன்னலோர நாற்காலியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர் சையத். கெட்டிக்காரர். அவருடைய அப்பாவுக்கும் சிந்தாதிரிப்பேட்டையில் உதிரிபாகக் கடை, அதனால் பாய்க்கும் இவருக்கும் பேச்சு வார்த்தை வீட்டு மனிதர்கள் போலத்தான். காலையில் வந்ததும் டீ குடிப்பதற்கு முன் சையத் செய்யும் முதல் காரியம், வரப்போகும் கார்டைப் பற்றி உலகத்தில் யார் என்ன உளறியிருக்கிறார்கள் என்று பார்ப்பது. நான் அவர் முகத்தைப் பார்த்தே, ‘இன்னிக்கு வருமா, தள்ளிப்போச்சா?’ என்று கேட்பேன்.

அதுவரை நாங்கள் புத்தகங்களைக் குரலாக்கியது ஒரு பழைய மென்பொருளில். நாங்கள் அதை மிஷின் குரல் என்போம். ஏற்ற இறக்கம் கிடையாது, கல்யாணத்தையும் சாவையும் ஒரே தொனியில் சொல்லும். அந்தச் சமயத்தில்தான் மனிதர் பேசுவது போலவே பேசும் புதுக் குரல்கள் வந்தன. சையத் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் கார்டில் ஓட்டிக் காட்டினார். ஒரு பக்கம் வாசித்தது, அப்புறம் மெமரி போதாமல் அப்படியே நின்றுவிட்டது. ஆனால் அந்த ஒரு பக்கத்தைக் கேட்ட எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தியது, மூச்சு விட்டது, கேள்வி வந்தால் கேள்வி கேட்டது. போதாததற்கு, அச்சுப் பக்கத்தைப் படமெடுத்தால் பிழையில்லாமல் எழுத்தாக்கித் தரும் இன்னொரு மென்பொருளும் வந்திருந்தது. அதற்கும் பெரிய கார்டு வேண்டும். இரண்டு மடங்கு மெமரியோடு ஒரு கார்டு வரப்போகிறது என்று அறிவிப்பும் வந்துவிட்டது.

‘மேடம், இந்தக் கார்டுல ஒரு அத்தியாயம் ஓடறதுக்குள்ள தாவு தீர்ந்துடுது,’ என்றார் சையத். ‘இப்ப பழைய கொரல்ல பண்ணிட்டு, பெரிய கார்டு வந்ததும் எல்லாத்தையும் திருப்பிப் பண்ணனும். எதுக்கு ரெண்டு வேலை? வரட்டும், ஒரேயடியா அடிச்சித் தள்ளிடலாம்.’

நியாயமாகத்தான் பட்டது. எல்லோரும் தலையாட்டினோம். அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து, ‘கார்டு வந்ததும்’ என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டினார் சையத். வந்த புத்தகங்கள் அங்கே போயின. மிஷின் குரல் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரைக்கூடப் புதுக் கார்டுக்குத் தோதாக இருக்கட்டும் என்று பழைய குரலை அழித்துத் தயாராக்கிவிட்டார். பொங்கலுக்குள் வரும் என்றார்கள். பொங்கல் போயிற்று. கோடைக்கு என்றார்கள். கோடையில் மின்விசிறிக் காற்றுக்கு அந்தச் சீட்டு ஆடிக்கொண்டிருந்ததுதான் மிச்சம். ஒரு தட்டு இரண்டு தட்டாயிற்று. புத்தகம் கேட்டு யாராவது போன் செய்தால், ‘அருமையான குரல் வரப்போகுது, கொஞ்சம் பொறுங்க’ என்போம். அதைச் சொல்லும்போது எங்களுக்குப் பெருமையாக வேறு இருக்கும்.

அப்படிப் பொறுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி பவானி. கூவம் ஓரக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். சின்ன வயதில் காய்ச்சலில் பார்வை போயிற்று. பிறகு அந்தக் குடியிருப்பையே காலி செய்து நகரத்துக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். அம்மா அடையாற்றில் வீட்டு வேலை செய்பவர். தினமும் இரண்டு பஸ் மாறி அம்மாவும் மகளும் ஊருக்குள் வருவார்கள். அப்படி வந்து வந்தே சட்டம் படித்து முடித்துவிட்டாள். பஸ்ஸில் உட்கார்ந்தால் காதில் இயர்போன், உதடு முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அரசு உதவி வழக்கறிஞர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அது எப்போதாவது ஒருமுறைதான் அறிவிப்பார்கள். அறிவிப்பு வந்த நேரம் பார்த்துக் குற்றவியல் சட்டங்கள் மாறியிருந்தன. பெயர், பிரிவு எண், வரிசை எல்லாம் மாறிவிட்டதால் எங்களிடம் இருந்த பழைய சட்டப் பதிவுகள் ஒன்றுக்கும் ஆகாமல் போயின. புதுச் சட்டங்களுக்கான தமிழ் விளக்க நூல்கள் மூன்றையும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அவை மூன்றும் ‘கார்டு வந்ததும்’ தட்டில் இருந்தன.

ஒருநாள் காலை அவளே நேரில் வந்துவிட்டாள். மடக்குக் கோலைத் தட்டிக்கொண்டு மாடியேறி வந்து, நாற்காலியைத் தடவி உட்கார்ந்து, தண்ணீர்கூடக் கேட்காமல் ஆரம்பித்தாள்.

‘இன்னா மேடம், போன் பண்ணா பொறு பொறுன்றீங்க. பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச வாரந்தான் கீது. எம் புக்கு எப்ப வரும்?’

‘சையத் உனக்கு ஒண்ணு வெச்சிருக்கார் பவானி. கேட்டுட்டு அப்புறம் திட்டு’ என்றேன்.

சையத் அவளுக்காகவே அந்தச் சின்னக் கார்டில் ஒரு அத்தியாயத்தைத் துண்டு துண்டாக ஓட்டி, ஒட்டவைத்து, புதுக் குரலில் தயார் செய்து வைத்திருந்தார். அதற்கு அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. ஹெட்போனை அவள் காதில் வைத்துவிட்டு, பரிசு கொடுத்தவர் மாதிரி எதிரே நின்றார். பவானி கேட்டாள். முகம் மலர்ந்தது.

‘சூப்பரா கீது சையத் அண்ணா. பக்கத்துல ஒரு அக்கா குந்திக்கினு சொல்ற மாதிரியே கீது.’

சையத் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அப்போது பவானி, ‘ஸ்பீடு எங்க வைக்கறது?’ என்று கேட்டு, விசைப்பலகையைத் தடவிக் கண்டுபிடித்து, வேகத்தை ஏற்றினாள். இன்னும் ஏற்றினாள். மூன்று மடங்கில் நிறுத்தினாள். கொஞ்ச நேரம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

‘வேலைக்காவாது மேடம். ஸ்பீடு வெச்சா கஞ்சியாப் பூடுது. ஒரு வார்த்தையும் பிடிபடல.’

‘ஏம்மா அவ்ளோ வேகம்? மெதுவாவே கேளேன்’ என்றார் சையத்.

‘நீங்க ஒரு பக்கத்த எவ்ளோ நேரத்துல படிப்பீங்கண்ணா? கண்ணால சரக்குன்னு போயிடுவீங்க இல்ல? நான் மட்டும் ஒவ்வொரு எழுத்தா கேட்டுக்கினு குந்தணுமா? மூணு புக்கு கீது. இந்த அக்கா மூச்சு வுட்டு மூச்சு வுட்டுச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிடும்.’

அவள் தன் போனை எடுத்தாள். ஏதோ ஒரு சட்டக் கட்டுரையை அது படிக்கும்படி செய்தாள். எங்கள் பழைய மிஷின் குரலைப் போலவே ஒரு தட்டைக் குரல். அது பேசிய வேகத்தில் எனக்கும் சையத்துக்கும் மிக்சி ஓடுகிற சத்தம்தான் கேட்டது. பவானி அதைக் கேட்டுக்கொண்டே, அது சொல்லிப் போனதை அப்படியே எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. அந்தக் குரலுக்கு ஏற்ற இறக்கம் இல்லாததால்தான் வேகம் கூடினாலும் எழுத்துகள் ஒன்றோடொன்று குழையவில்லை என்று அவளே விளக்கினாள்.

‘புது கொரலு நல்லாத்தான் கீது. கத கேக்கலாம், பாட்டு கேக்கலாம். எனக்குப் படிக்கணும் மேடம். எழுத்து மட்டும் ஃபைலா குடுங்க. எம்போனே படிச்சிக்கும்.’

எழுத்து எங்கே இருக்கிறது? பக்கங்களைப் படமெடுத்து, பழைய மென்பொருளில் ஒருமுறை எழுத்தாக்கியதோடு சரி. அதில் வரிக்கு வரி பிழை. சட்டப் புத்தகத்தில் ‘கூடாது’ என்பதில் பாதி காணாமல் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதைத் திருத்துவதையும் புதுக் கார்டின் தலையில்தான் போட்டு வைத்திருந்தோம். ஒலிநூல் மையம் என்று பலகை மாட்டியிருந்ததாலோ என்னவோ, குரல் வந்தால்தான் புத்தகம் முடிந்தது என்று கேசட் காலத்திலிருந்தே எங்களுக்கு ஒரு எண்ணம். கேட்கிறவர்கள் போனிலேயே படிக்கும் வசதி வந்து வெகு காலமாகியும் எங்கள் புத்தியில் அது ஏறவில்லை. நாங்கள் கேட்டு மயங்கிய குரலை அவர்களும் கேட்டு மயங்குவார்கள் என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம்.

இந்த நேரம் பார்த்து சையத்தின் போன் அடித்தது. சிந்தாதிரிப்பேட்டை பாய். அவர் பேசினால் ஸ்பீக்கர் தேவையே இல்லை.

‘சையத்து, வந்திருச்சுப்பா! நீ கேட்ட அதே மாலு. சொல்லி வெச்சவன் பத்து பேரு, வந்தது ஒண்ணே ஒண்ணு. உனக்காக உள்ள வெச்சிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள வந்து எடுத்துக்கோ. அப்பால என்னைக் கேக்காதே.’

சையத்தின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அவர் செருப்பு மாட்டுவதற்குள் எங்கள் செயலாளரும் உள்ளே வந்தார். மாட வீதியிலேயே வீடு, தினமும் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். பாயின் குரல் படியிலேயே அவர் காதில் விழுந்திருந்தது.

‘கார்டு வந்துடுத்தாமே! ரொம்ப நல்லது. அடுத்த வாரம் நன்கொடை குடுக்கற டோனர் வரார், தெரியுமோன்னோ? புதுக் குரலைத்தான் அவருக்குப் போட்டுக் காட்டணும். அதைச் சொல்லிச் சொல்லித்தான் வரவழைச்சுண்டிருக்கேன்’ என்றார்.

இப்போது கணக்குப் பாருங்கள். கார்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கச் செயலாளரும் விடமாட்டார், சையத்தின் கையும் சும்மா இருக்காது. கார்டு வந்தால் அதைப் பொருத்தி, புதுக் குரலை ஓடவைத்து, டோனர் முன்னால் தடுமாறாமல் பேச வைக்கச் சையத்துக்கு அந்த ஒரு வாரமும் போய்விடும். அப்புறம் அதில் புத்தகத்தை எழுத்தாக்க இன்னும் கொஞ்ச நாள். புதுச் சாமான் எதுதான் முதல் தடவையே ஒழுங்காக ஓடியிருக்கிறது? அதில் ஏதாவது மக்கர் செய்தால் பவானியின் பரீட்சை வந்துவிடும். மாறாக, இருக்கிற பிழையான எழுத்தை இன்றைக்கே உட்கார்ந்து கையால் திருத்தலாம். அதற்கும் சையத் வேண்டும். என் தமிழ்த் தட்டச்சின் லட்சணம் ஊருக்கே தெரியும்.

மையப் பொறுப்பு என்னுடையது, நான்தான் சொல்ல வேண்டும். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பவானி மட்டும் என் குரல் வரும் திசைக்கு முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு மடக்குக் கோலை இறுக்கிப் பிடித்திருந்தாள். சையத்தின் ஒரு வருடக் கனவு ஒரு பக்கம், டோனர் ஒரு பக்கம். ஆனால் தட்டில் இருந்த புத்தகம் யாருடையது என்று யோசித்ததும் எனக்குக் குழப்பம் போய்விட்டது.

‘கார்டு இன்னிக்கு வேண்டாம் சையத். பவானியோட புக்கை எழுத்தாவே திருத்திக் குடுத்துட்டு வேற வேலை’ என்றேன்.

‘மேடம், இது போச்சுன்னா அடுத்தது எப்ப வருமோ...’

‘தெரியும்ப்பா.’

செயலாளர் பதறிவிட்டார். ‘டோனர் முன்னாடி எதைக் காட்டறது? அதுவும் இல்லாம, எழுத்தையே தூக்கிக் கையில குடுக்கறேங்கறேள். பதிப்பகத்துக்காரா கேட்டா என்ன சொல்றது?’

யாரும் கேட்காமலே பவானி பதில் சொன்னாள். இதுவரை பேசிய பேச்சை மடித்து வைத்துவிட்டு, கோர்ட்டில் நிற்பவள் மாதிரி நிமிர்ந்தாள். ‘மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்தில் நூலை மாற்றித் தருவதற்குக் காப்புரிமைச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது சார். பிரிவு எண் சொல்லட்டுமா?’

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ‘அதெல்லாம் வேண்டாம்மா, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார்.

சையத் போனை எடுத்து, பாயை அவரே கூப்பிட்டார்.

‘பாய், அடுத்த ஆளுக்குக் குடுத்துடுங்க.’

‘அரே, இன்னா நைனா சொல்றே? ஒரு வருஷமா என் உசிர வாங்கிக்கினு இருந்தே! ஒடம்பு கிடம்பு சரியில்லையா?’

‘நல்லாத்தான் கீறேன். வேலை கீது பாய்.’

போனை வைத்தவர், அலமாரிக்குப் போய் மூன்று சட்டப் புத்தகங்களையும் எடுத்து வந்து மேஜையில் போட்டார். கோபமாகத்தான் போட்டார். நான் கண்டுகொள்ளவில்லை.

அதன் பிறகு நடந்தது என் பணிக்காலத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த வேலை. பவானி தினமும் அம்மாவோடு பஸ் ஏறி வந்தாள். பிழை மலிந்த அந்த எழுத்தை அவள் போன் அதே மிக்சி வேகத்தில் படிக்கும். அவள் கேட்டுக்கொண்டே வருவாள். சட்டென்று மேஜையைத் தட்டுவாள். ‘இங்க இன்னாமோ இடிக்குது மேடம். “மூன்றாண்டுக்கு மேற்பட்ட” வா, “மேற்படாத” வா?’ நான் அச்சுப் புத்தகத்தில் விரல் வைத்து அந்த வரியைத் தேடிச் சொல்வேன். சையத் திருத்துவார். மறுபடி மிக்சி ஓடும். சில சமயம் அவள் வேகத்துக்கு என்னால் பக்கம் புரட்ட முடியாது. ‘இன்னா மேடம், தூங்கிட்டீங்களா?’ என்பாள். முதல் நாள் சையத் விசைப்பலகையை ஓங்கி ஓங்கித் தட்டினார். இரண்டாம் நாள், திருட்டுக்கும் வழிப்பறிக்கும் என்ன வித்தியாசம் என்று அவளிடம் கேட்டார். அவள் அவருடைய போனையே பிடுங்கிக்கொண்டு செய்து காட்டி விளக்கினாள். அப்புறம் சிரிப்புக்குக் குறைவில்லை. கீழே காய்கறிக்காரர் கத்துவதும், மின்விசிறி கடகடப்பதும், அந்த மிக்சிக் குரலும் இப்போதும் காதில் இருக்கின்றன. திருத்தி முடிக்கும்போது அவள் மூன்று நூல்களையும் ஒருமுறை படித்தே முடித்திருந்தாள்.

டோனர் வந்தார். புதுக் குரலில் அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் போட்டுக் காட்டினோம். ‘இவ்வளவுதானா?’ என்று கேட்டார். காபி குடித்தார், போனார். அந்த வருடம் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. செயலாளர் என்னோடு சரியாகப் பேசவே இரண்டு மூன்று மாதம் ஆயிற்று. இதையும் சொல்லியாக வேண்டும். சரியான முடிவு எடுத்தால் எல்லாம் நன்றாக முடியும் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

கார்டும் பிறகு வந்தது. சையத்தான் போய் வாங்கி வந்தார், வரும் வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தாராம். அதில் ஓடும் புதுக் குரலை இன்றும் எத்தனையோ பேர் கேட்கிறார்கள். வயதான பிறகு பார்வை இழந்தவர்கள் சாயங்காலம் உட்கார்ந்து கதை கேட்கிறார்களே, அவர்களுக்கு அந்த மூச்சும் நிதானமும் வேண்டும். அவர்கள் கேட்டால் அதைக் கொடுங்கள். பவானி மாதிரிப் படிக்கிறவர்கள் கேட்டால் எழுத்தைக் கொடுங்கள். எது வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். அதைக் கேட்க எந்தக் கார்டும் தேவையில்லை.

இப்போது இன்னும் பெரிய மெமரியோடு அடுத்தது வருகிறது என்கிறீர்கள். ஆசைப்படுங்கள். ராப்பகலாக அதைப் பற்றியே பேசுங்கள். வந்ததும் எனக்கு ஒரு போன் போடுங்கள், பார்க்க ஓடி வருகிறேன். ஆனால் அலமாரியில் சீட்டு எதுவும் ஒட்டாதீர்கள். இன்றைக்கு வந்த புத்தகத்தை இன்றைக்கு இருக்கிற சாமானால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு செய்து கொடுத்துவிடுங்கள். நாளைக்கு இன்னும் நன்றாகச் செய்ய முடிந்தால் மறுபடி செய்யுங்கள். இரட்டை வேலை என்று அலுத்துக்கொள்ளாதீர்கள், நமக்குச் சம்பளமே அதற்குத்தான்.

நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்த ஒரு மத்தியானம் போன் வந்தது. பவானி. ‘மேடம்’ என்றாள், அவ்வளவுதான் எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் அந்த மிக்சி வேகத்தில் இருந்தது. நடுவில் அம்மா என்று வந்தது, சையத் அண்ணா என்று வந்தது, சிரிக்கிறாளா அழுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை.

‘மெதுவா சொல்லும்மா. ஒண்ணும் புரியலை’ என்றேன்.

அவள் நிறுத்தி, ஒரு மூச்சு விட்டாள். பிறகு கண் உள்ளவர்களுக்குச் சொல்கிற வேகத்தில், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள்.

‘நான்... பாஸ்... ஆயிட்டேன்... மேடம்.’

‘இன்னொரு தடவை சொல்லு’ என்றேன்.